தோளுக்குத் தோள் சரி, தோளுக்கு மட்டை தப்பு: சைக்கிள் போலோவில் இடிக்கும் முறை

சைக்கிளில் போய்க்கொண்டே மட்டையால் பந்தை அடித்துக் கோல் போடுகிற ஆட்டம்தான் சைக்கிள் போலோ. இதில் இடிக்கலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிற பையன்களில் பாதிப் பேர் ஆள் பக்கத்தில் வந்தாலே பந்தை விட்டுவிட்டு ஒதுங்குகிறார்கள். மீதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு நேராக வந்து ஏறுகிறார்கள். இரண்டுமே விதி தெரியாத ஆட்டம்.

பாளையங்கோட்டையில் எனக்குச் சைக்கிள் கடை. ஒரு பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தளத்தில் சாயங்காலம் ஆட அனுமதி வாங்கி வைத்திருக்கிறோம். விசில் என் கைக்கு வந்ததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணம்: ஆட்டம் முடிந்ததும் அடிபட்ட சைக்கிள் எல்லாம் என் கடைக்குத்தான் வரும். யார் யாரை எந்தப் பக்கமிருந்து இடித்தான் என்று மறுநாள் காலை, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். வள்ளியூரோ அம்பாசமுத்திரமோ, உங்கள் ஊரில் ஒரு சிமெண்டுத் தளமும் ஆறு சைக்கிளும் இருந்து ஆடிப் பார்க்க ஆசைப்பட்டால், இடிக்கிற விஷயத்தை எப்படி ஒழுங்கு பண்ணுவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோல் போடுவதெல்லாம் தானாக வந்துவிடும்.

எந்த ஆட்டம் என்று குழப்பம் வேண்டாம். சைக்கிள் போலோ இரண்டு வகை. புல்தரை ஆட்டம் பழையது. 1891இல் அயர்லாந்தில் ரிச்சர்ட் மெக்ரெடி என்பவர் தொடங்கி வைத்தார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் காட்சி ஆட்டமாக நடந்து, அயர்லாந்து ஜெர்மனியை ஜெயித்தது. நம் நாட்டில் ராணுவ, விமானப்படை அணிகள் ஆடுவது அந்த வகை. அதற்குப் பெரிய மைதானம் வேண்டும். நாங்கள் ஆடுவது சிமெண்டுத் தரை ஆட்டம், ஹார்ட்கோர்ட் என்பார்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டி சியாட்டில் நகரத்தில் சைக்கிள் கூரியர் பையன்கள் வேலை இல்லாத நேரத்தில் ஆட ஆரம்பித்தது. அப்புறம் ஊர் ஊராகப் பரவி, 2010இல் பெர்லின், 2011இல் சியாட்டில், 2012இல் ஜெனீவா என்று உலகப் போட்டியே நடந்தது.

பக்கத்துக்கு மூன்று பேர். கால் தரையில் பட்டால் நீங்கள் ஆட்டத்தில் இல்லை. நடுக்கோட்டுப் பக்கம் போய், அதற்கென்று வைத்த இடத்தை மட்டையால் தட்டிவிட்டுத்தான் மறுபடி பந்தைத் தொடலாம். நாங்கள் கம்பத்தில் ஒரு பழைய பெயிண்ட் டின்னைக் கட்டி வைத்திருக்கிறோம். தட்டினால் சத்தம் கேட்கும், "தட்டினேன், தட்டலை" என்ற வாக்குவாதம் கிடையாது. இந்தக் கால் விதியைத் தலையில் ஏற்றிக்கொண்டால்தான் இடியின் பயன் புரியும். எதிராளியை விழத்தட்டுவது நம் வேலையில்லை. அவன் காலை ஊன்ற வைத்தால் போதும், டின்னைத் தட்டிவிட்டு வருகிறவரைக்கும் எதிர் அணியில் ஓர் ஆள் குறைவு.

கூடைப்பந்துத் தளம் 28 மீட்டருக்கு 15 மீட்டர். வெளிநாட்டில் ஆடுகிற தளம் இதைவிட நீள அகலமாக இருக்கும், சுற்றிலும் பலகையும் அடித்திருப்பார்கள். சின்ன இடத்தில் ஆறு சைக்கிள் சுற்றினால் உரசல் அதிகம்தான். அதனால் விதியை இன்னும் கறாராக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்று ஜோடி

அடிப்படை விதி ஒரே வரி: உடம்போடு உடம்பு, சைக்கிளோடு சைக்கிள், மட்டையோடு மட்டை. ஜோடி மாறினால் ஃபவுல். மட்டையால் சைக்கிளை அடிப்பது, காலால் சக்கரத்தை உதைப்பது, கையால் ஹேண்டில்பாரைப் பிடிப்பது, சைக்கிளைக் கொண்டுபோய் ஆள் மேல் ஏற்றுவது எல்லாம் ஜோடி மாறிய தொடுகை. இதைச் சொல்லிக் கொடுக்க அரை நிமிடம் போதும். பழக்கத்துக்கு வர மாதக்கணக்காகும்.

முக்கியமாக, கை. இது கபடிச் சீமை. அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசன் பிறந்தது பழைய திருநெல்வேலி ஜில்லாவில்தான். இங்கே வளர்ந்த பையனுக்கு எதிராளி பக்கத்தில் வந்தால் பிடிக்கத்தான் கை நீளும். ஸ்ரீவைகுண்டம் பக்கமிருந்து வந்த ஒரு பையன், நல்ல கபடி உடம்பு, ஓடுகிற சைக்கிளின் ஹேண்டில்பாரையே எட்டிப் பிடித்து நிறுத்திவிட்டான்.

"ஏல, கைய எடுல!"

"அவன்தான அண்ணாச்சி என் மேல வந்தாம்?"

"வரட்டும்ல. உன் கை உன் ஹேண்டில்பாரை விட்டு எதுக்கு வந்துச்சு?"

அவனுக்குக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். இடது கை கிரிப்பில் ஒரு துண்டு சிவப்பு டேப் சுற்றிவிட்டேன். டேப் என் கண்ணில் பட்டால் கை அங்கே இல்லை என்று அர்த்தம், விசில். இரண்டு வாரத்தில் கை அடங்கிவிட்டது. உங்கள் ஊர்ப் பையன்களும் கபடி ஆடுகிறவர்களாக இருந்தால் இதைச் செய்து பாருங்கள்.

பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, முழங்கையை வெளியே நீட்டக் கூடாது, தலையால் முட்டக் கூடாது. உடம்போடு உடம்பு என்றால் தோளும் மேல்கையும் மட்டும்தான்.

தோள் கொடுப்பது

நான் பையன்களுக்கு நேரம் எடுத்துச் சொல்லிக் கொடுப்பது இந்த ஒன்றைத்தான்.

இரண்டு பேரும் ஒரே திசையில் போக வேண்டும். இரண்டு சைக்கிளும் இணையாக, ஹேண்டில்பாருக்கு நேர் ஹேண்டில்பாராக வர வேண்டும். அவன் வேகத்துக்கு உங்கள் வேகம் வந்த பிறகுதான் தோள். வேகம் கூடுதலாக இருக்கும்போது கொடுத்தால் அது பின்னாலிருந்து இடித்ததாகிவிடும். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். இடுப்பை சீட்டிலிருந்து ஒரு விரற்கடை தூக்கி, உங்கள் தோளை அவன் மேல்கையில் வைத்து, வைத்த பிறகு சாயுங்கள். தொட்டுவிட்டுச் சாய்வதற்கும், தூரத்திலிருந்தே சாய்ந்து விழுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முதலாவது தோள், இரண்டாவது மோதல். சாயும்போது உங்கள் சைக்கிளும் கூடச் சாயும், அப்போது ஹேண்டிலைத் திருப்பக் கூடாது. திருப்பினால் முன் சக்கரம் அவன் சக்கரத்துக்குள் போகும்.

இன்னொரு நிபந்தனை, பந்து. பந்து அவனிடம் இருக்க வேண்டும், அல்லது இரண்டு பேரும் பந்துக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். பந்து மறுபக்கம் கிடக்கையில் இங்கே ஒருவனை இடிப்பது ஃபவுல். அவன் வழியில் போய் நின்றுகொள்ளலாமா என்று கேட்பார்கள். முன்னமே அங்கே நின்றிருந்தால் தப்பில்லை. அவன் வருவதைப் பார்த்துவிட்டு நகர்ந்து குறுக்கே வந்தால் தப்பு.

பழகுவதற்கு: பந்து வேண்டாம், மட்டையும் வேண்டாம். இரண்டிரண்டு பேராக, தளத்தின் நீளவாட்டில் நடக்கிற வேகத்தில் விடுங்கள். ஒருவன் தோள் மேல் ஒருவன் சாய்ந்தபடி ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் கால் ஊன்றாமல் போக வேண்டும். ஆரம்பத்தில் சிரித்துச் சிரித்தே விழுவார்கள். எதிராளியின் எடை தன் மேல் இருக்கும்போது சைக்கிள் எப்படி நடந்துகொள்கிறது என்று உடம்பு தெரிந்துகொண்ட பிறகு பயம் போய்விடும். அப்புறம் பக்கம் மாற்றுங்கள். வலது தோளில் நன்றாகச் சாய்கிறவன் இடது தோளில் தடுமாறுவான், எல்லோருக்கும் உள்ளதுதான். அதன் பிறகு நடுவில் பந்தைப் போடுங்கள்.

விதிப்படி கொடுத்த தோளில் எதிராளி காலை ஊன்றினால் என்ன? ஒன்றும் இல்லை. அவன் போய் டின்னைத் தட்டிவிட்டு வர வேண்டியதுதான். விழுந்தாலும் அதே கதைதான், அடிபட்டிருந்தால் மட்டும் ஆட்டத்தை நிறுத்துங்கள். எங்கள் தளத்தில் எழுகிற சண்டையில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான். "விழுந்துட்டேன்லா, அப்ப ஃபவுல்தான?" என்று எழுந்து நிற்பார்கள். விழுந்தது சாட்சியாகாது. எந்தக் கோணத்தில் இடி வந்தது என்பதுதான் சாட்சி.

எல்லாரையும்விட நன்றாகத் தோளைச் சமாளிப்பது பேட்டையிலிருந்து வருகிற ஒரு பெண். பெரிய உடம்பில்லை. பையன் சாயப் போகிறான் என்று தெரிந்த அந்த நேரத்தில் பிரேக்கை லேசாகத் தொடுவாள். அவன் சாய்ந்த இடத்தில் ஆள் இருக்காது, தன் எடையிலேயே தடுமாறிக் காலை ஊன்றுவான். அவள் பந்தோடு பின்பக்கமாகச் சுற்றிப் போய்விடுவாள். இதில் ஃபவுல் ஏதும் கிடையாது. பையன்கள் முறையிட்டுப் பார்த்தார்கள், நான் காதில் வாங்கவில்லை.

கோணம்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்திருந்தால் இது எளிதாகப் புரியும். ஆயிரம் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே பக்கம் இழுப்பார்கள், யாரும் விழமாட்டார்கள். குறுக்கே ஒருத்தன் புகுந்தால் அந்த இடத்தில்தான் ஆள் விழும்.

குறுக்கே செங்குத்தாக வந்து இடிப்பதுதான் இந்த ஆட்டத்தில் ஆகப் பெரிய தப்பு. பந்தை முதலில் தொட்டுவிட்டேன் என்று சொன்னாலும் தப்புதான். முன் சக்கரம் எதிராளியின் காலிலோ நடுச் சட்டத்திலோ போய் ஏறும், அவனுக்குத் தப்பிக்க வழியே இருக்காது. எதிரே நேருக்கு நேர் வந்து மோதுவதும், பின்னாலிருந்து இடிப்பதும் இதே கணக்கு. இணையாகவும் இல்லாமல் செங்குத்தாகவும் இல்லாமல் சரிவாக வந்தால்? வேகத்தைப் பாருங்கள். அவனோடு சேர்ந்து அதே திசையில் திரும்பிக்கொண்டே வந்தால் விடலாம். அவன் பாதையை அறுத்துக்கொண்டு வந்தால் விசில்.

சைக்கிளைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம் என்றேனே, அது இப்படித்தான். இணையாகத் தோள் கொடுத்தவர்களின் சைக்கிளில் கிரிப் உரசியிருக்கும், பெடல் ஓரம் தேய்ந்திருக்கும், அவ்வளவே. குறுக்கே இடித்தவனின் ஃபோர்க் பின்பக்கமாக வளைந்திருக்கும். முன் சக்கரம் சட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால், திருப்பும்போது பெடலில் உள்ள கால்விரல் டயரில் இடிக்கும். பின்னாலிருந்து இடி வாங்கியவனுக்குப் பின் ரிம் கோட்டமாகியிருக்கும். ரிம்மை, கம்பி நுனியில் உள்ள நிப்பிளைத் திருகிக் கோட்டம் எடுத்துத் தந்துவிடலாம். வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தி ஓட்டாதீர்கள். நிமிர்த்தின இடத்தில் இரும்பு பலவீனமாகிவிடும், பிறகு ஒரு நாள் ஓடுகிறபோதே முறியும். நிமிர்த்தித் தரச் சொல்லி யார் கேட்டாலும் நான் செய்வதில்லை, புதிது போட்டுக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

சைக்கிளோடு சைக்கிள் உரசலாம், டயரும் டயரும் தொடலாம். ஆனால் முன்னால் போகிறவனின் பின் சக்கரத்தில் உங்கள் முன் சக்கரம் பக்கவாட்டில் பட்டால் விழப்போவது நீங்கள்தான், அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆகவே பின்னால் வருகிறவன் இடைவெளி பார்த்து வர வேண்டும். முன்னால் போகிறவனும் வேண்டுமென்றே அவன் சக்கரத்தைச் சீவுகிற மாதிரி வெட்டித் திரும்பக் கூடாது. பந்தோடு வேகத்தைக் குறைக்கலாம், திரும்பலாம். அடுத்தவனைத் தள்ளாட வைக்க மட்டும் திடீரென்று நின்றால் அது ஃபவுல்.

எங்கள் தளத்தில் ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர். மறுபக்கம் பழைய பெஞ்சுகளைப் பலகை உள்பக்கம் பார்க்க, கால்கள் வெளிப்பக்கம் போக, படுக்க வைத்திருக்கிறோம். சுவரிலிருந்து ஒரு சைக்கிள் நீளத்துக்குள் தோள் கிடையாது. இது நாங்களே போட்டுக்கொண்ட விதி. சுவருக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் ஒரு பையனின் விரல் மாட்டியதைப் பார்த்த பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கோல் வாயில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக் காக்கிறவனையும் இடிக்கக் கூடாது. அவன் அசையாமல் நிற்கிறான், எந்தப் பக்கமிருந்து போனாலும் அது குறுக்கு இடிதான்.

மட்டை

மட்டையை மட்டையால் தடுக்கலாம், கீழிருந்து தூக்கிவிடலாம், கொக்கி போட்டு இழுக்கலாம். எல்லாம் பந்துக்குப் பக்கத்தில் மட்டும். ஓங்கி அடித்து எதிராளி மட்டையைத் தட்டிவிடுவது கூடாது. ஆள் கையிலோ ஹேண்டிலிலோ கொக்கி போடுவது, சக்கரக் கம்பிக்குள் நுழைப்பது, மட்டையை வீசி எறிவது எல்லாம் ஆளை வெளியே அனுப்புகிற தப்பு. ஓடுகிற சக்கரத்துக்குள் மட்டை போனால் சைக்கிள் அங்கேயே நிற்கும், ஆள் ஹேண்டிலுக்கு மேலே போவான். போக்ஸ் கம்பி நாலைந்து முறிந்து வரும், அது சின்னச் செலவு. பல் போனால் பெரிய செலவு.

பந்தை அடித்த பிறகு மட்டை எங்கே போகிறது என்பதற்கும் அடித்தவன்தான் பொறுப்பு. "அடிச்சதுக்கு அப்புறம் தானா போச்சு அண்ணாச்சி" என்பதை நான் ஏற்பதில்லை. ஒரு சைக்கிள் நீளத்துக்குள் வேறு ஆள் இருந்தால் மட்டைத் தலை ஹேண்டில்பாருக்கு மேலே போகக் கூடாது என்று வைத்திருக்கிறோம். தளம் பெரிதாக இருந்தால் தோள் உயரம் வரை விடலாம்.

மட்டையை இங்கேயே செய்துகொள்ளலாம். போர்வெல் மோட்டாருக்கு இறக்குகிற கறுப்பு ஹெச்.டி.பி.இ. குழாய்த் துண்டு தலைக்கு நன்றாக உழைக்கும். தண்டுக்கு அலுமினியக் குழாய். குழாயின் வெட்டு முனையை அரம் போட்டு மழுக்கி, மேல் நுனியில் ரப்பர் மூடி போட்டு டேப் சுற்றுங்கள். பந்துக்கு ரப்பர் பந்தோ டென்னிஸ் பந்தோ போதும். கார்க் பந்தை உள்ளே விடாதீர்கள்.

சைக்கிளில் செய்ய வேண்டியது

விதி பேசுவதற்கு முன்னால் சைக்கிளைப் பார்ப்பது என் வழக்கம். ஹேண்டில்பாரின் இரண்டு முனையும் மூடியிருக்க வேண்டும். கிரிப் கிழிந்து இரும்புக் குழாய் வட்டமாக வெளியே தெரிந்தால் அந்தச் சைக்கிள் ஆடாது. விழுகிறபோது அந்த வட்டம் தொடையில் இறங்கினால் அச்சு வெட்டினாற்போல் சதையை எடுக்கும். ஸ்டாண்டு, கேரியர், கூடை, மட்கார்டு, பெல், பூட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். இதில் ஸ்டாண்டுதான் மோசம், பக்கத்துச் சைக்கிளின் கம்பிக்குள் போய்க் கோத்துக்கொள்ளும். ஆக்ஸில் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மரையை அறுத்துவிட்டு மூடி போடுங்கள்.

பிரேக். நம் ஊர்ச் சைக்கிளில் முன் பிரேக் லீவர் வலது கையில் இருக்கும். மட்டை பிடிப்பதும் வலது கைதான். அப்படியானால் இடது கையில் இருப்பது பின் பிரேக் மட்டும், அது சிமெண்டில் சறுக்கத்தான் செய்யும், நிற்காது. கேபிள் பிரேக் உள்ள சைக்கிளாகப் பார்த்து, முன் பிரேக் கேபிளை இடது லீவருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. மாற்றின முதல் நாள் சும்மா ஓட்டிப் பழகட்டும், சட்டென்று அழுத்தினால் பின் சக்கரம் எழும்பும். கம்பி பிரேக் போட்ட பழைய கறுப்புச் சைக்கிளில் இதைச் செய்ய முடியாது. அதை ஆட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள், தாத்தா சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சக்கரக் கம்பிக்கு மூடி போட்டால் மட்டையும் உள்ளே போகாது, விரலும் போகாது. வெளிநாட்டில் இதற்கென்று பிளாஸ்டிக் தகடு வெட்டுகிறார்கள். நமக்கு ஃபிளெக்ஸ் பேனர் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கொடை விழா எது முடிந்தாலும் ஒன்று கிடைக்கும். வட்டமாக வெட்டி, பிளாஸ்டிக் டையால் கம்பியோடு கட்டுங்கள். மாப்பிள்ளை முகம் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு போகும், பார்க்க வேடிக்கைதான். தலைவர்கள் படம் போட்ட பேனரை மட்டும் எடுக்காதீர்கள், அந்த வம்பு நமக்கு எதற்கு. கிடைத்தாலும் வெள்ளைப் பக்கம் வெளியே தெரியக் கட்டுங்கள்.

ஹெல்மெட் கட்டாயம். பைக் ஹெல்மெட் கனம், பக்கத்தில் வருகிறவனை மறைக்கும். சைக்கிள் ஹெல்மெட்தான் சரி. செருப்போடு யாரும் ஏற வேண்டாம். கழுத்துச் செயின், கைக்காப்பு கழற்றி வைக்கட்டும். துப்பட்டா வேண்டாம், சடையை மடித்துக் கட்ட வேண்டும்.

வயசு, உடம்பு பார்த்து அணி பிரியுங்கள். காலேஜ் பையனும் எட்டாம் வகுப்புப் பையனும் ஒரே ஆட்டத்தில் இருந்தால் அன்றைக்குத் தோளே கிடையாது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தளம் நனைந்திருந்தாலும் அதே மாதிரி. சுவர் நிழல் விழுகிற ஓரத்தில் பாசி பிடித்திருக்கும், காய்ந்த மாதிரி தெரியும், காலை வைத்தால் வழுக்கும்.

ஆட்டம் தொடங்குவது

பந்து நடுவில் இருக்கும், இரண்டு அணியும் அவரவர் கோல் கோட்டில். "மூணு, ரெண்டு, ஒண்ணு, போலோ" என்றதும் பக்கத்துக்கு ஒருவன் பந்தை நோக்கிப் பறப்பான். எதிரெதிரே முழு வேகத்தில் வருகிறார்கள், மற்ற நேரத்தைவிட இந்தச் சில நொடிதான் ஆபத்து. ரோட்டில் போவதுபோல் இரண்டு பேரும் இடப்பக்கம் ஒதுங்கி வர வேண்டும், பந்து அவரவர் வலது கைப்பக்கம் இருக்கும். மட்டைதான் சந்திக்கும், ஆள் சந்திக்க மாட்டான். இடது கையில் மட்டை பிடிக்கிறவனை எங்கள் தளத்தில் இந்த ஓட்டத்துக்கு அனுப்புவதில்லை. பந்தை ஒருவன் தொடும்வரை தோள் கொடுக்கவும் கூடாது.

விசில் பிடிக்கிறவருக்கு

பந்தைப் பார்க்காதீர்கள். பந்தை ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் பந்துக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு பேரின் முன் சக்கரத்தைப் பாருங்கள். இடிப்பதற்குச் சற்று முன்னால் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, முழங்கை எங்கே இருந்தது, பந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது, இந்த மூன்றும் தெரிந்தால் தீர்ப்பு சொல்லிவிடலாம். சத்தத்துக்கு ஊதாதீர்கள். இரண்டு பெடல் மோதினால் பெரிய சத்தம் வரும், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. சக்கரம் காலில் ஏறினால் சத்தமே இருக்காது.

தப்பு பண்ணப்பட்ட அணியிடமே பந்து இருந்து, கோல் போகிற வாய்ப்பும் இருந்தால் உடனே ஊத வேண்டாம். கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஆட விடுங்கள், வாய்ப்பு போன பிறகு ஊதலாம். எங்கள் தண்டனை இப்படி: தெரியாமல் நேர்ந்த உரசலுக்குப் பந்து மாறும். கையால் பிடித்தாலோ, பந்து இல்லாதவனை இடித்தாலோ 30 விநாடி வெளியே. குறுக்கே ஏறினாலோ, பின்னாலிருந்து இடித்தாலோ, சக்கரத்தில் மட்டை விட்டாலோ 2 நிமிடம். மறுபடியும் செய்தால், அல்லது கோபத்தில் செய்தால், அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. மூன்று பேர் ஆட்டத்தில் ஒருவன் 2 நிமிடம் வெளியே இருந்தால் இரண்டு கோலாவது வாங்குவார்கள். அவன் கூட்டாளிகளே அவனுக்குப் பாடம் எடுத்துவிடுவார்கள், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கை பார்க்க வருகிற பெற்றோருக்கும் முன்னாலேயே விளக்கிவிட வேண்டும். ஒரு அம்மா சுவர் ஓரத்திலிருந்து சத்தம் போட்டார்கள்: "அண்ணாச்சி, எம் புள்ளய அந்தப் பய தள்ளிவிட்டுட்டாம், நீங்க பாத்துக்கிட்டு நிக்கிய!" அன்று ஆட்டம் முடிந்ததும் அவர்கள் முன்னால் இரண்டு பையன்களை மெதுவாகத் தோள் சாய்த்து ஓட்டிக் காட்டினேன். குறுக்கே வருவதையும் காட்டினேன், இடிக்காமல், வந்து நிறுத்தி மட்டும். "அப்படின்னா எம் புள்ளதான் பந்த வச்சுக்கிட்டு பராக்குப் பாத்துட்டு நின்னாம்" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். இப்போது அந்த அம்மா எனக்கு முன்னால் "முழங்கை! முழங்கை!" என்று கத்துகிறார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

ரிப்பேர் கூலி விஷயத்தையும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நட்பு போகும். எங்கள் ஏற்பாட்டில் கூலி விசிலைப் பின்பற்றும். ஃபவுல் ஊதியிருந்தால் இரண்டு சைக்கிளுக்கும் இடித்தவன் கொடுக்க வேண்டும். சுத்தமான தோள் என்றால் அவனவன் சைக்கிளுக்கு அவனவன். விசில் அடித்தவனே கூலி வாங்குகிறவனாகவும் இருந்தால் பையன்கள் முணுமுணுப்பார்கள், அது நியாயம்தான். அதனால் ஆட்டத்தில் கோணுகிற சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க நான் கூலி வாங்குவதில்லை, போக்ஸ் கம்பிக்கும் ஃபோர்க்குக்கும் வாங்கின விலை மட்டும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் சக்கரத்தைக் கழற்றி, டயரும் டியூபும் எடுத்துவிட்டுக் கொண்டுவந்தால் சாயங்கால ஆட்டத்துக்குள் தயாராகிவிடும்.